ஃபேஷியா சிகிச்சையில் உண்மையில் நகர்வது எது?

செந்தூல் சந்தையில் ஆட்டிறைச்சி வாங்கும்போது கவனித்திருப்பீர்கள். தொடைக்கறியைத் துண்டு போடுவதற்கு முன்னால் கடைக்காரர் கத்தி நுனியால் ஒரு சின்ன வேலை செய்வார். கறியின்மேல் வெள்ளையாக, பளபளவென்று ஒட்டியிருக்கும் மெல்லிய உறையை ஒரு முனையில் கிளப்பி, சர்ரென்று இழுத்து உரித்து ஓரமாக எறிவார். அதை எடுக்காமல் விட்டால் வேகும்போது கறி சுருண்டுகொள்ளும், சாப்பிடும்போது பல்லில் மாட்டும். நாம் அதை ஜவ்வு என்கிறோம். உடற்கூறு படித்தவர்கள் ஃபேஷியா என்கிறார்கள், தமிழில் எழுதும்போது திசுப்படலம். எல்லாம் ஒரே பொருள்தான். ஆட்டுக்கு இருப்பது நமக்கும் இருக்கிறது.

மருத்துவக் கல்லூரிகளிலும் நெடுங்காலம் இதே கதைதான். தசை எங்கே தொடங்குகிறது, நரம்பு எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டுமானால் இந்த உறை ஓர் இடைஞ்சல். அதனால் மாணவர்கள் முதலில் அதை உரித்து வாளியில் போட்டுவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினார்கள். வாளிக்குப் போன அதே ஜவ்வின் பெயரில் இன்று கோலாலம்பூர்ப் பேரங்காடிகளில் சிகிச்சை விற்கிறார்கள். முதுகு வலியா? ஃபேஷியா ஒட்டிக்கொண்டிருக்கிறது. கழுத்து திரும்பவில்லையா? அதுவும் ஃபேஷியாதான்.

நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் வலது தோள் இறுகிப்போனது. வெண்பலகையின் மேல்பாதியில் எழுத முடியவில்லை. பின்னால் கைபோட்டுக் கூந்தலை முடிய முடியவில்லை. அப்போது அலைந்த அலைச்சலும், அதற்குப் பிறகு படித்ததும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. நான் வந்து சேர்ந்த முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைப் படுக்கையில் கிடைக்கும் நிவாரணம் பொய்யில்லை. ஆனால் அதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் தவறு. வலி போனால் சரிதானே, காரணம் எதுவாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். எத்தனை தடவை வர வேண்டும், எவ்வளவு அழுத்த வேண்டும், வீட்டுக்குப் போய் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் காரணம்தானே? பணமும் அதன் வழியில்தான் போகிறது.

சொல் விஷயத்தில் நாம் கொஞ்சம் தாராளமானவர்கள். கிளினிக்கில் ரத்தம் எடுக்கும்போது "நரம்பு கிடைக்கல" என்போம், அது ரத்தக் குழாய். தூங்கி எழுந்து கழுத்து திரும்பாவிட்டால் "நரம்பு இழுத்துக்கிச்சு", அது பெரும்பாலும் தசை. குதிகாலுக்கு மேலே கயிறுபோல விறைத்து நிற்பதும் நம் பேச்சில் நரம்புதான், உண்மையில் அது தசைநாண். மலாய்க்காரர்களிடமும் இதே பழக்கம் உண்டு. 'உராட்' என்ற ஒரே சொல்லில் ரத்தக் குழாய், தசைநாண், நரம்பு எல்லாம் அடங்கிவிடும். அதைப் பிடித்துவிடும் தொழிலுக்கு 'ஊருட்' என்று பெயர். இப்போது இந்தக் கூட்டத்தில் ஃபேஷியாவும் வந்து சேர்ந்திருக்கிறது. பாட்டி வாயுப் பிடிப்பு என்றாள், பிசியோதெரபிஸ்ட் தசை இறுக்கம் என்கிறார், புதிதாகத் திறந்த மையத்தில் ஃபேஷியா என்கிறார்கள். மூவரும் விரலை வைப்பது பல நேரங்களில் ஒரே இடத்தில்தான்.

சரி, அது என்னதான் என்று பார்ப்போம். ஃபேஷியா என்பது லத்தீன் சொல், கட்டு அல்லது பட்டை என்று பொருள். தோலுக்குக் கீழே கொழுப்போடு கலந்து தளர்வாக ஓர் அடுக்கு. அதற்கும் கீழே தசைகளைச் சுற்றிக் கெட்டியாக இன்னோர் அடுக்கு. தசைக்கு உள்ளே போனால் ஒவ்வொரு நார்க்கற்றைக்கும், ஒவ்வோர் இழைக்கும்கூடத் தனி உறை. எல்லாம் ஒன்றோடொன்று தொடர்ந்து போகின்றன. முக்கியமான சரக்கு கொல்லாஜன் என்ற புரதம், இழுத்தால் லேசில் கொடுக்காத நார். சில இடங்களில் இது தனியாகப் பெயர் வைக்கும் அளவுக்குத் தடித்திருக்கிறது. தொடையின் வெளிப்பக்கத்தில் ஓர் அகலப் பட்டை. பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஒரு விசிறி. இடுப்புக்கு மேலே முதுகில் சாய்சதுரமாக ஒரு விரிப்பு: மேலிருந்து வரும் அகன்ற முதுகுத் தசையும் கீழிருந்து வரும் பிட்டத் தசையும் அந்த விரிப்பில்தான் கைகோக்கின்றன. நடக்கும்போது வலக்கை முன்னே போக இடக்கால் முன்னே போகிறதே, அந்த இழுவிசை குறுக்காகக் கடந்து போகும் பாலம் அது.

அடுக்குகள் என்று சொன்னால் அவை ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். அதற்காக நடுவில் மெல்லிய நெகிழ்ந்த பூச்சு ஒன்று இருக்கிறது. அதில் இருப்பது ஹயலூரானன். முகத்துக்குப் பூசும் சீரம் குப்பிகளில் ஹயலூரானிக் ஆசிட் என்று பெரிதாகப் போட்டிருக்குமே, அதே சரக்குதான். இதைச் சுரக்கும் தனி வகை உயிரணுக்களைத் திசுப்படலத்திலேயே கண்டதாக இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகத்தில் கார்லா ஸ்டெக்கோவின் குழு 2018-இல் எழுதியது. இவருடைய அப்பா லூயிஜி ஸ்டெக்கோ பிசியோதெரபிஸ்ட், திசுப்படலத்தைக் கையால் கையாளும் முறை ஒன்றை உருவாக்கியவர். அப்பா கையால் தேடியதை மகள் நுண்ணோக்கியில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். இவர்களுடைய கருத்து இது: அடிபட்டாலோ, நெடுநாள் அசையாமல் கிடந்தாலோ இந்தப் பூச்சு கெட்டிப்படுகிறது, அடுக்குகள் வழுக்குவது குறைகிறது, சூடும் அசைவும் பட்டால் மறுபடி இளகுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்னும் முழுதாக நிறுவப்படாத கருத்து.

கையால் செய்யும் சிகிச்சைக்கு வயது இதைவிட அதிகம். 1874-இல், எலும்பையும் தசையையும் கையால் சீராக்கும் ஆஸ்டியோபதி முறையைத் தொடங்கிய அமெரிக்கர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஃபேஷியாவைப் பற்றி விரிவாகவே எழுதினார். ஜெர்மனியில் எலிசபெத் டிக்கே, காலில் ரத்த ஓட்டம் கெட்டுப் படுத்த படுக்கையாக இருந்தபோது தன் இடுப்பைத் தானே இழுத்துத் தேய்த்துப் பார்த்து, 1929 வாக்கில் இணைப்புத்திசு மசாஜ் என்ற முறைக்கு வந்து சேர்ந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலில் முனைவர் பட்டம் பெற்ற ஐடா ரோல்ஃப், பிற்பாடு தன் பெயராலேயே ரோல்ஃபிங் என்ற கடுமையான முறையைப் பரப்பினார். கென்னடிக்கு வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஜேனட் டிராவெல், தசைக்குள் இருக்கும் வலி முடிச்சுகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்றார். 2007-இல் பாஸ்டனில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் முதல் பன்னாட்டு ஃபேஷியா ஆராய்ச்சி மாநாடு கூடியது. அதற்கப்புறம்தான் ஃபேஷியா என்ற சொல் ஆய்வுக்கூடத்தை விட்டு இறங்கி, ஃபோம் ரோலர் என்ற, தசைகளை உருட்டித் தேய்க்கும் உருளையை விற்கும் கடைக்கு வந்தது.

நம் பக்கத்தில் சித்த மருத்துவத்தின் தொக்கணம் என்ற பிடித்துவிடும் முறை இருக்கிறது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகை. முன்னோர்கள் அன்றே ஃபேஷியாவை அறிந்திருந்தார்கள் என்று இந்த இடத்தில் எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இருப்பார்கள். எழுத மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்தது கை, அந்தக் கைக்குப் பலன் இருந்தது. ஆனால் அந்தப் பட்டியலில் கடைசியாக நிற்கும் அசைத்தலை மட்டும் நினைவில் வைத்திருங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

என் கதைக்கு வருகிறேன். முதலில் போனது பேரங்காடி ஒன்றில் இருந்த மையத்துக்கு. வரவேற்பில் இஞ்சித் தேநீர் கொடுத்தார்கள். உள்ளே கையளவு இரும்புக் கருவிகளால் தோளைச் சுரண்டினார்கள். "ஃபேஷியா ஒட்டிப்போயிருக்கு, பிரிச்சு விடணும், பத்து முறை வரணும்" என்றார்கள். பத்து முறைக்கு முன்பணமாக நான்கு இலக்க ரிங்கிட். மறுநாள் தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். நச்சு வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்று பதில் வந்தது. ரத்தக்கட்டு என்பது நுண்குழாய்கள் உடைந்து தோலுக்கடியில் கசிந்த ரத்தம், அவ்வளவுதான். எந்த நச்சும் அதில் வெளியேறுவதில்லை. ஐந்தாம் ஆண்டு மாணவனுக்குப் பாடம் எடுக்கும் நான் இதைப் படித்துவிட்டு மூன்று முறை அங்கே போனேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வலி அப்படித்தான், புத்தியை முதலில் பிடுங்கிக்கொள்ளும். மறுக்க முடியாத ஒன்றும் உண்டு: ஒவ்வொரு முறை போய்வந்த மாலையும் கை கொஞ்சம் கூடுதலாகத்தான் எழும்பியது. மறுநாள் காலை பழைய இடத்துக்கே வந்துவிடும்.

ஒட்டிப்போனது பிரிந்திருந்தால் ஒரே இரவில் எப்படி மறுபடி ஒட்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் 2008-இல் வந்த ஆய்வு ஒன்று கிடைத்தது. சௌத்ரியும் அவருடைய குழுவினரும் கணித மாதிரி ஒன்றைக் கட்டி, திசுப்படலத்தைக் கையால் அழுத்தினால் அது எவ்வளவு கொடுக்கும் என்று கணக்குப் போட்டார்கள். எடுத்துக்கொண்டவை மூன்று: தொடையின் பட்டை, உள்ளங்காலின் பட்டை, மூக்கின் மேலுள்ள மெல்லிய படலம். தொடையிலும் காலிலும் வெறும் 1 சதவீத மாற்றம் வர வேண்டுமானால்கூட மனிதக் கையால் கொடுக்க முடியாத விசை வேண்டும் என்று விடை வந்தது. மூக்கில் மட்டும் கையால் ஏதோ செய்ய முடியும். சிகிச்சை தருபவர்கள் விரலுக்கடியில் ஏதோ இளகிவிட்டது என்று உணர்வது தொடை, உள்ளங்கால் போன்ற கெட்டியான இடங்களில் திசு உருமாறுவதால் இருக்க முடியாது என்று அவர்கள் எழுதினார்கள்.

யோசித்துப் பார்த்தால் இது நல்ல செய்திதான். பெருவிரலால் அழுத்தி உருமாற்ற முடிகிற பொருளாக உள்ளங்கால் பட்டை இருந்திருந்தால் பத்துமலையின் 272 படிகளை ஒரு தடவை ஏறி இறங்கியதுமே நம் பாதங்கள் சப்பட்டையாகியிருக்கும்.

அப்படியென்றால் மாலையில் கை கூடுதலாக எழும்பியது எப்படி? விடையின் பெரும்பகுதி பிரிக்பீல்ட்ஸில் கிடைத்தது. அந்த வட்டாரத்தை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அங்கேதான் இருக்கிறது, சுற்றிலும் பார்வையற்றவர்கள் நடத்தும் மசாஜ் கடைகள். குறுகலான படி, நீலத் திரை, கோடாலித் தைல வாசனை. என்னைப் பார்த்தவர் தமிழர், ஐம்பது வயதிருக்கும். தோளில் கை வைப்பதற்கு முன்னால் அவர் கேட்ட முதல் கேள்வி, "டீச்சருக்கு இனிப்பு நீர் இருக்கா?" நீரிழிவைத்தான் கேட்டார். இல்லை என்றேன். "செக் பண்ணீங்களா?" என்றார். பண்ணவில்லை. ம்ம் என்று மட்டும் சொன்னார். அப்புறம் என் முழங்கையைத் தன் உள்ளங்கையில் தாங்கி மெல்ல ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "டீச்சர், கையை நான் பிடிச்சிருக்கேன், நீங்களும் ஏன் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க?" என்றார்.

அப்போதுதான் தெரிந்தது. நான் கையை விடவே இல்லை. மாதக்கணக்கில் வலிக்கு பயந்து தோளைச் சுற்றியுள்ள தசைகள் எல்லாம் காவல் நின்றுகொண்டிருந்தன. எனக்கே தெரியாமல். அவர் அதைக் கண்ணால் பார்க்கவில்லை, எடையால் அறிந்தார். தளர்ந்த கை கனக்கும், காவலில் இருக்கும் கை கனக்காது.

நரம்பு என்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிறோமே, அந்த வழக்கில் அறியாமல் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது. திசுப்படலத்துக்குள் உணர்ச்சி நரம்பு முனைகள் ஏராளம். மெதுவாக, தொடர்ந்து கொடுக்கும் அழுத்தத்தை உணர்பவை சில, இழுவையை உணர்பவை சில, வலியைச் சொல்பவை சில. இதமான, ஆபத்தில்லாத அழுத்தம் போய்ச் சேர்ந்தால் தண்டுவடமும் மூளையும் காவலைக் கொஞ்சம் தளர்த்துகின்றன, வலி தொடங்கும் எல்லை தள்ளிப் போகிறது. திசு நீளவில்லை, இன்னும் கொஞ்ச தூரம் போகலாம் என்ற அனுமதி கிடைக்கிறது. இதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு. ஃபோம் ரோலரில் ஒரு காலை மட்டும் உருட்டினால், தொடாத மற்றக் காலின் கணுக்காலும் கூடுதலாக மடங்குகிறது என்று ஆய்வுகளில் கண்டார்கள். உருட்டாத காலில் எந்த ஒட்டலைப் பிரித்தார்கள்? மாறியது இரு கால்களுக்கும் பொதுவான இடத்தில்தான் இருக்க வேண்டும்.

இதற்காக ஜவ்வுக்கு வலியில் பங்கே இல்லை என்று தூக்கிப் போட்டுவிட முடியாது. அது எதிர்ப்பக்கத்துத் தவறு. 2014-இல் ஜெர்மனியில் ஷில்டர் என்பவரின் குழு, நலமாக இருந்தவர்களின் கீழ்முதுகில் உப்புக் கரைசலை ஊசியால் ஏற்றிப் பார்த்தது. ஒரு தடவை தோலுக்கடியில், ஒரு தடவை தசையில், ஒரு தடவை திசுப்படலத்தில். படலத்தில் ஏற்றியபோதுதான் வலி அதிகமாக, நெடுநேரம், அகலமாகப் பரவி இருந்தது. எரிகிறது, குத்துகிறது என்று அதற்கு அவர்கள் சொன்ன சொற்களும் வேறாக இருந்தன. இடுப்பு வலிக்காரர்கள் விரலால் ஓரிடத்தைக் காட்டாமல் உள்ளங்கையை அகல வைத்து "இங்கெல்லாம்" என்கிறார்களே, எனக்கு அந்தக் கை நினைவுக்கு வந்தது.

பத்துமலையை இன்னொரு முறை இழுக்கிறேன். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ்.லீ மாரியம்மன் கோயிலிலிருந்து ரதத்தோடு நடந்தவர்களுக்குத் தெரியும். வலி அன்றைக்கு வராது, மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும். ஏறியதைவிட இறங்கியதுதான் காரணம். படி இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே விசையைத் தாங்குகிறது, அந்த வகை உழைப்புதான் பிந்தி வரும் வலியைத் தரும். அப்படி வலிக்கும் நாட்களில் தசையைவிடத் தசையின் உறைதான் கூடுதல் கூச்சத்தோடு இருக்கிறது என்று 2009-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. அந்த இரண்டு நாளும் கட்டிலில் கிடப்பதைவிட மெல்ல நடப்பது நல்லது. தைலம் தேய்க்கிறீர்களா, தேயுங்கள், குறுக்கே நிற்க மாட்டேன். தேய்த்துவிட்டு எழுந்து நடங்கள்.

ஆய்வாளர் ஹெலீன் லாஞ்செவினின் வேலையும் இங்கே சேர வேண்டும். 2011-இல் அவருடைய குழு 121 பேரின் கீழ்முதுகை அல்ட்ராசவுண்டில் பார்த்தது. நாள்பட்ட முதுகுவலி உள்ளவர்களிடம் திசுப்படலத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைவாக இருந்தது. விளம்பரப் பலகைகளுக்கு இந்த எண் அல்வா. ஆனால் வழுக்காததால் வலி வந்ததா, வலிக்கு பயந்து அசையாமல் இருந்ததால் வழுக்கல் குறைந்ததா என்பதை அந்த ஆய்வு பிரித்துச் சொல்லவில்லை. இரண்டுமே ஒன்றையொன்று ஊட்டி வளர்க்கலாம். எது முதலில் வந்திருந்தாலும், அடுக்குகளை வழுக்க வைக்க முதுகை அசைத்தாக வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் இன்னொருவர் வந்து அசைத்துவிட்டுப் போவது மீதியுள்ள 167 மணி நேரத்துக்குப் போதாது.

மசாஜ் எவ்வளவு பலன் தருகிறது என்று பல ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பீடு 2015-இல் வந்தது. இடுப்பு வலிக்குக் குறுகிய காலத்துக்குக் கொஞ்சம் நிவாரணம் உண்டு, ஆனால் சான்றுகள் தரம் குறைந்தவை, நெடுங்காலப் பலனை நம்பிச் சொல்ல முடியாது என்பது அதன் சாரம். என் தோள் மூன்று முறை சொன்னதும் இதைத்தான்.

அப்படியானால் அந்தக் குறுகிய நேரத்தை வைத்து என்ன செய்வது? குதிகால் வலியை எடுத்துக்கொண்டால் இது நன்றாக விளங்கும். நம் சாப்பாட்டுக் கடைகளில் ரொட்டி சானாய் வீசுகிறவர்கள், பரிமாறுகிறவர்கள், பள்ளியில் நாள் முழுக்க நிற்கும் எங்களைப் போன்றவர்கள் எல்லாருக்கும் பழக்கமான வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணிமேல் வைத்ததுபோல் இருக்கும், பத்து அடி நடந்ததும் குறையும். உள்ளங்கால் பட்டை குதிகாலில் பிடித்திருக்கும் இடத்தில் வரும் தொல்லை இது. பலரும் கோலிக் குண்டையோ, குளிர்ந்த போத்தலையோ போட்டு உருட்டுகிறார்கள். சுகமாகத்தான் இருக்கும். ஆனால் கையால் கொடுக்க முடியாத விசை போத்தலாலும் வராது. அந்தப் பட்டைக்குத் தேவை சுமை, படிப்படியாக ஏற்றிய சுமை.

டென்மார்க்கில் ராத்லெஃப் குழு செய்தது எளிமையான பயிற்சி. துண்டைச் சுருட்டி விரல்களுக்கடியில் வைத்து, படி விளிம்பில் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். மூன்று விநாடி எழும்பி, இரண்டு விநாடி நின்று, மூன்று விநாடி இறங்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள். விரல்கள் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் கிணற்று ராட்டினத்தில் கயிறு சுற்றியதுபோல் பட்டை விறைக்கும், சுமை நேராக அதில் இறங்கும். மூன்று மாதத்தில் இந்தக் குழு, வெறுமனே நீட்டிப் பயிற்சி செய்தவர்களைவிட நன்றாகத் தேறியிருந்தது. ஒரு வருடத்தில் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே நிலைக்கு வந்துவிட்டன என்பதையும் மறைக்கக் கூடாது. வலி சீக்கிரம் குறைவதே வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய விஷயம் என்பதால் நான் இந்தப் பயிற்சியின் பக்கம். பிடித்துவிடுவதோ உருட்டுவதோ இதற்கு முன்னால் வரலாம், வலி தணிந்த அந்த அரை மணி நேரத்தில் பயிற்சியைச் செய்துவிடலாம். நான் நினைவில் வைக்கச் சொன்ன அசைத்தல் இதுதான். இதில் ஒரே மாற்றம், அசைப்பவர் நாமே.

பிரிக்பீல்ட்ஸ் அண்ணன் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. அந்த வாரமே கிளினிக்கில் ரத்தம் கொடுத்தேன். இனிப்பு நீர் இருந்தது. எத்தனை வருடமாக இருந்ததோ தெரியாது. 2019-இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சர்க்கரை கூடியிருந்தது. இந்தியர்களிடையே மட்டும் பார்த்தால் அது 31.4 சதவீதம். நம்மில் பத்துப் பேர் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் மூவர். இது வெறும் ரத்தச் சமாசாரம் இல்லை. கூடுதல் சர்க்கரை கொல்லாஜன் நார்களில் போய் ஒட்டி, அவற்றுக்கிடையில் குறுக்குப் பிணைப்புகளை உண்டாக்குகிறது, நார் விறைக்கிறது. விரல் மடங்கி மாட்டிக்கொள்வது, உள்ளங்கை இறுகுவது, தோள் உறைவது எல்லாம் நீரிழிவுக்காரர்களிடம் கூடுதல். 'உறைந்த தோள்' என்ற பெயரை அமெரிக்க மருத்துவர் காட்மன் 1934-இல் வைத்தார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவதுதான் நோய். சில மாதம் வலியோடு இறுகும், சில மாதம் இறுகியபடியே நிற்கும், அப்புறம் மெல்ல இளகும். எல்லாமாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்வரை ஆகலாம். என் தோளில் இருந்தது அது. இரும்புக் கருவியால் தோலைச் சுரண்டினால் அந்த ஆழத்தில் எதுவும் நடக்காது.

இதற்கு எந்தச் சிகிச்சை மேல் என்று பிரிட்டனில் 503 பேரை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2020-இல் வெளியானது. ஸ்டீராய்டு ஊசியோடு பிசியோதெரபி, மயக்க மருந்து கொடுத்துக் கையை அசைத்து விடுவித்தல், துளை அறுவை சிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் ஒரு வருட முடிவில் மற்றவற்றைத் தெளிவாக விஞ்சவில்லை. நான் ஊசியும் பிசியோவும் எடுத்துக்கொண்டேன். ஊசி போட்ட சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்று டாக்டர் முன்கூட்டியே எச்சரித்தார், ஏறியது. பிரிக்பீல்ட்ஸ் போவதையும் நிறுத்தவில்லை, மாதம் ஒரு முறை. அங்கே போவது தோள் உறையை உடைக்க அல்ல என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும், அதற்கு அவர் கேட்கும் காசு நியாயமானது.

யாரிடம் போவது என்பதில் சட்டம் கொஞ்சம் உதவுகிறது. 2016-இல் இரண்டு சட்டங்கள் வந்தன. 774-ஆம் சட்டத்தின் கீழ்ப் பிசியோதெரபிஸ்டுகள் பதிவு பெற வேண்டும். 775-ஆம் சட்டம் பாரம்பரிய மருத்துவத் துறைகளுக்கானது: மலாய், சீன, இந்திய மருத்துவங்களோடு ஹோமியோபதி, கைரோபிராக்டிக், ஆஸ்டியோபதி, இஸ்லாமிய மருத்துவம் என்று ஏழு துறைகள். ஃபேஷியா தெரபிஸ்ட் என்று ஒரு தனித் தொழில் இந்த இரண்டிலும் இல்லை. அந்தப் பெயர்ப் பலகைக்குப் பின்னால் பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்டும் இருக்கலாம், வார இறுதி வகுப்பு ஒன்றுக்குப் போய்வந்தவரும் இருக்கலாம். பதிவு எண் என்ன என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். அரசு மருத்துவமனைகளிலும் வழி உண்டு. 2007-இல் பினாங்கு கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் தொடங்கி, பாரம்பரிய சிகிச்சைப் பிரிவுகள் பல இடங்களில் இருக்கின்றன. நாள்பட்ட வலிக்கு அங்கே ஊருட் கிடைக்கும்.

யாரிடமும் போகக் கூடாத, நேராக டாக்டரிடம் போக வேண்டிய நேரங்களும் உண்டு. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அதைப் பிடித்துவிடவே கூடாது, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடங்காமல் போனாலோ, தொடையிடுக்கில் மரத்துப்போனாலோ அவசரப் பிரிவு. இடத்தோளும் தாடையும் சேர்ந்து வலித்து வியர்த்தாலும் அப்படியே, தைலம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, படுத்தாலும் குறையாத இரவு வலி இருந்தால் முதலில் பரிசோதனை. ரத்தம் இளக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அழுத்திப் பிடிக்க விடக் கூடாது. இனிப்பு நீர் முற்றிப் பாதம் மரத்தவர்கள் ரோலரும் வெந்நீர் ஒத்தடமும் தாமாகவே செய்யக் கூடாது. சுடுவது அவர்களுக்குத் தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.

பிசியோதெரபிஸ்ட் எனக்குக் கொடுத்த பயிற்சி சுவர் ஏறுதல். சுவருக்கு நேரே நின்று, விரல்களைச் சிலந்திபோல் மேலே நகர்த்திக்கொண்டே போக வேண்டும், வலி சொல்லும் இடத்தில் நின்று இறங்க வேண்டும். ஓய்வு நேரத்தில் வகுப்பறைச் சுவரிலேயே செய்தேன். மாணவர்கள் சும்மா இருப்பார்களா? எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத ஆரம்பித்தார்கள். முதல் இரண்டு மாதக் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றன, எது எந்தத் தேதி என்று படிக்கவே முடியாது. அப்புறம் இடைவெளி விட ஆரம்பிக்கிறது. கடைசிக் கோடு மலேசிய வரைபடத்தின் கீழ் விளிம்புவரை போயிருக்கிறது. சபாவைத் தொட்டால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.